வேரடி உலகம் – 9: செம்மண்ணில் ஓர் இரும்புப் பஞ்சம்

பியூசேரியம் என்ற பூஞ்சையால் வரும் வாடலை, இந்தத் தொடரைப் படித்து வருபவர்களுக்கு மறுபடி அறிமுகப்படுத்த வேண்டியதில்லை: அடியிலை மஞ்சளாகும், சில செடிகளில் ஒரு பக்கம் மட்டும், தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு. ராமகுப்பம் பக்கத் தக்காளிக்கு நாற்றங்காலிலேயே சூடோமோனாஸ் கொடுக்கும் முறையை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன், அந்தப் பாக்டீரியா மண்ணுக்குள் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். அது தெரியாமல் அளவை மட்டும் தெரிந்துகொண்டு பயனில்லை.

ராமகுப்பம் சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்குக் கோடி. ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் மூன்றும் நெருங்கி வரும் மேட்டு நிலம். செம்மண் பூமி. அந்தச் சிவப்பே இரும்புதான். அப்படிப்பட்ட மண்ணில் இரும்புக்குப் பஞ்சம் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் வேரடியில் வாழும் நுண்ணுயிர்களுக்கு நிலைமை அதுதான். மண்ணிலுள்ள இரும்பில் பெரும்பங்கு ஆக்சிஜனோடு கூடி, கரையாத ஆக்சைடாகக் கிடக்கிறது. கரையாததை எந்த உயிரும் உறிஞ்ச முடியாது. பூஞ்சைக்கும் இரும்பு வேண்டும், பாக்டீரியாவுக்கும் வேண்டும். இருப்பதோ கொஞ்சம்.

இங்கேதான் சூடோமோனாஸ் புளோரசன்ஸ் தன் வேலையைக் காட்டுகிறது. பயோவெர்டின் என்ற பொருளைச் சுரந்து வெளியே அனுப்புகிறது. அது இரும்பை எங்கே கண்டாலும் இறுகப் பற்றிக்கொள்ளும். அப்படிப் பற்றிய இரும்பை உள்ளே எடுத்துக்கொள்ள, அதற்குப் பொருந்தும் வாசல் உடலில் இருக்க வேண்டும். அந்த வாசல் பியூசேரியத்துக்கு இல்லை. பூஞ்சையும் இதே போன்ற பொருளைச் சுரக்கிறது என்றாலும் அதன் பிடி அவ்வளவு வலுவானதல்ல. இரும்பு கிடைக்காத பூஞ்சை முளைக்கத் திணறுகிறது. தக்காளி வேருக்கு இதனால் கேடில்லை. தன்னைச் சுற்றியுள்ள மண்ணை அமிலமாக்கித் தனக்கு வேண்டிய இரும்பை அது தனி வழியில் எடுத்துக்கொள்கிறது.

பயோவெர்டினைக் கண்ணால் பார்க்கலாம். ஆய்வகத் தட்டில் இந்தப் பாக்டீரியாவை வளர்த்துப் புற ஊதா விளக்கைக் காட்டினால், தட்டு முழுக்க மஞ்சள் கலந்த பச்சையில் ஒளிரும். இதற்கான ஊடகத்துக்கு ‘கிங்ஸ் பி’ என்று பெயர். எலிசபெத் கிங் என்ற அமெரிக்க நுண்ணுயிரியல் அறிஞர் 1954-இல் இரு சகாக்களோடு சேர்ந்து உருவாக்கியது. அவர் வயலுக்காக அதைச் செய்யவில்லை. மனிதருக்கு நோய் தரும் பாக்டீரியாக்களை இனம் காண்பதே அவர் தொழில். கிங்கெல்லா, எலிசபெத்கிங்கியா என்று இரண்டு பாக்டீரியாப் பேரினங்கள் இன்று அவர் பெயரைச் சுமக்கின்றன. அவருடைய ஊடகம் இன்று வேளாண் ஆய்வகங்களின் அன்றாடப் பொருள். என்னை மிகவும் ஈர்த்தது வேறொன்று: அந்த ஊடகத்தில் தேவையான அளவு இரும்பைக் கலந்துவிட்டால் ஒளி வராது. இரும்புப் பசி இருந்தால்தான் பாக்டீரியா பயோவெர்டினைச் சுரக்கும். தட்டில் தெரியும் பச்சை அந்தப் பசியின் நிறம்.

மண்ணிலும் இதே கதைதானா? 1980-இல் கலிபோர்னியாவில் குளோப்பர் குழுவினர் பார்த்தார்கள். வாடல் நோயைத் தானாகவே அடக்கும் மண்ணில் இரும்பைச் சேர்த்தார்கள். நோயை அடக்கும் குணம் போய்விட்டது. சூடோமோனாஸின் ஆயுதம் இது ஒன்றே அல்ல. பூஞ்சையைக் கொல்லும் வேதிப்பொருள்களையும் சில வகைகள் சுரக்கின்றன. வேரில் குடியேறி, இலைவரை செடியை உஷார்படுத்தும் வித்தையும் உண்டு. அந்த வித்தைக்குத் தனி வாரம் வேண்டும்.

இவ்வளவும் சொன்னது ஒரு காரணத்துக்காக. இது முந்திக்கொள்பவர் வெல்லும் போட்டி. பூஞ்சை வேருக்குள் புகுந்து நீர்க்குழாயை அடைத்த பிறகு, வாடிய செடியின் அடியில் சூடோமோனாஸ் பொடியைக் கரைத்து ஊற்றுவது வீண் செலவு. விதையோடும் நாற்றோடும் பாக்டீரியா முதலில் குடியேறியிருக்க வேண்டும்.

கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பிஎப்1 என்ற சூடோமோனாஸ் வகை நம் பக்கத்தில் நன்கு தெரிந்தது. இந்தப் பாக்டீரியாவை டால்க் பொடியில் ஏற்றிக் கொண்டைக்கடலை வாடலுக்குப் பயன்படுத்தும் முறையை வித்யாசேகரனும் முத்தமிழனும் 1995-இல் வெளியிட்டார்கள். பல்கலைக்கழகப் பரிந்துரை எளிது: கிலோ விதைக்கு 10 கிராம் பொடி, நிலத்துக்கு எக்டேருக்கு 2.5 கிலோ, 50 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து. ஏக்கர் கணக்கில் 1 கிலோ பொடி, 20 கிலோ தொழுவுரம். தொழுவுரத்தை விட்டுவிட்டுப் பொடியை மட்டும் தூவாதீர்கள். மண்ணில் பிடித்து நிற்க அதற்கு ஈரமும் உணவும் வேண்டும்.

குழித்தட்டு நாற்று, வேர் நனைப்பு, பூஞ்சைக்கொல்லி தெளிப்பவர்கள் விட வேண்டிய இடைவெளி ஆகியவை அடுத்த வாரம்.

அதற்குள் விதைக்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பேசில்லஸ் போல உறங்குவித்தாக மாறித் தாக்குப்பிடிக்கும் திறன் சூடோமோனாஸுக்குக் கிடையாது. வெயில் படும் கடையில் மாதக்கணக்கில் கிடந்த பொட்டலத்தில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் டால்க் மட்டுமே. தயாரிப்புத் தேதியைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.