மயிரிழையில் நிற்கும் எழுத்து

1761 ஜனவரியில் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயப் படை கவர்னர் மாளிகையில் இருந்த அச்சு இயந்திரத்தையும் விட்டுவைக்கவில்லை. சென்னைக்குக் கொண்டுபோனார்கள்; அது வேப்பேரியில் பாதிரியார் பப்ரிசியஸ் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவருடைய தமிழ்-ஆங்கில அகராதி 1779-ல் வேப்பேரியில்தான் அச்சானது. கொள்ளைப் பொருளால் தமிழுக்குக் கிடைத்த லாபம்!

1816-ல் புதுச்சேரி மறுபடி பிரெஞ்சுக்காரர் வசம் வந்தபோது பிரெஞ்சு எழுத்தின் முகமே மாறியிருந்தது. காரணம், பாரிஸின் திதோ குடும்பம். அப்பா பிரான்சுவா அம்புரவாஸ் அச்செழுத்துக்குப் பாயிண்ட் அளவை வகுத்தார். மகன் ஃபிர்மேன் 1780களில் புது எழுத்துகளை வெட்டினார்.

அந்த எழுத்தில் பெரிய 'ஏ'யை (A) பாருங்கள். இடது கால் மயிரிழை, வலது கால் தூண். கால்களின் அடியில் படுக்கையாக ஒரு சிறு கோடு இருக்கும், அதுதான் செரிஃப். பழைய கராமோன் எழுத்தில் இந்தக் கோடு வளைந்து குழைந்து காலோடு சேரும். திதோவில் வளைவே கிடையாது, ஸ்கேல் வைத்து இழுத்த மெல்லிய கோடு மட்டும்தான். வரிவரியான பழைய கைக்காகிதத்தில் இது உடைந்து உடைந்துதான் விழுந்திருக்கும். வழவழப்பான வெலின் காகிதம் வந்த பிறகே இந்த அழகு சாத்தியமாயிற்று.

ஆனால் ஈய எழுத்துக்குத் தேய்மானம் உண்டு. சின்ன 'இ'யின் (e) நடுக்கோடு தேய்ந்துவிட்டால் அது 'சி' (c) ஆகிவிடும். புரூப் பார்ப்பவர் பாடு திண்டாட்டம்தான்.

புதுச்சேரி மிஷன் அச்சகம் 1855-லும் 1862-லும் இரண்டு பாகங்களாக வெளியிட்ட மூஸே-துப்புயி தமிழ்-பிரெஞ்சு அகராதியை நினைத்துப் பார்க்கிறேன். எழுத்தாணியால் ஓலையில் கீறி வளர்ந்த தமிழுக்குத் தடிப்பு-மெலிவு பேதம் கிடையாது, செரிஃபும் கிடையாது. அதையும் பிரெஞ்சையும் ஒரே வரியில் கோப்பது கம்பாசிட்டருக்குச் சோதனைதான். பாயிண்ட் கணக்கும் நாட்டுக்கு நாடு வேறு. திதோவின் 12 பாயிண்ட் 4.51 மில்லிமீட்டர், பின்னாளில் நிலைபெற்ற ஆங்கில-அமெரிக்க 12 பாயிண்ட் 4.22தான். இரண்டையும் ஒரே வரியில் வைத்தால் மிச்ச இடத்துக்குத் தகடு கொடுத்தாக வேண்டும்.

கணினிக் காலத்திலும் மயிரிழையின் தொல்லை ஓயவில்லை. ஒரே வரைவைப் பெரிதாக்கினால் மயிரிழையும் தடித்து நயம் போய்விடும். சிறிதாக்கினால் கோடே மறைந்துவிடும். 1991-ல் ஹார்ப்பர்ஸ் பஜார் பத்திரிகைக்காகத் திதோவைப் புதுப்பித்த ஜோனதன் ஹோஃப்ளர், 6 பாயிண்டிலிருந்து 96 வரை ஏழு அளவுகளுக்கும் தனித்தனியாக வரைந்தார். எந்த அளவில் அச்சிட்டாலும் மெல்லிய கோடு மெல்லியதாகவே நிற்கும். ஃபேஷன் பத்திரிகைத் தலைப்புகளில் இந்த எழுத்துக்கு இன்றும் தனி மவுசு.

புதுச்சேரி ஒயிட் டவுனில் ஓட்டல் வைப்பவர்கள் பெயர்ப் பலகைக்குத் தாராளமாக இதை எடுக்கலாம். பெரிய அளவில் இதற்கு ஈடு இல்லை. ஆனால் பலகைக்கு வரைந்த அதே வடிவத்தை மெனு கார்டில் 8 பாயிண்டுக்குச் சுருக்கினால் மங்கல் வெளிச்சத்தில் விலை தெரியாது. சில ஓட்டல்காரர்களுக்கு அதுவும் வசதிதான்.