வெளிநாட்டுக்கு வேலை விஷயமாகப் போன் பண்ணப் போகிறீர்களா?

திருப்பூரில் பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர், ஆம்பூரில் தோல் பொருள் ஏற்றுமதி செய்பவர், வீட்டிலிருந்தே டிசைன் வேலை செய்து தரும் பட்டதாரி... இவர்களில் பலருக்கும் ஒரே தயக்கம்தான். மெயில் எத்தனை வேண்டுமானாலும் அனுப்புவார்கள். போன் பண்ணச் சொன்னால் மட்டும் "நாளைக்குப் பார்க்கலாம்" என்பார்கள். சரக்கு கிளம்ப வேண்டிய தேதி நெருங்கும்போது, நாலு மெயிலில் முடியாத விஷயம் இரண்டு நிமிடப் பேச்சில் முடிந்துவிடும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

முதலில் எண். மொபைலில் 0 பட்டனை அழுத்திப் பிடித்தால் + குறி வரும். அதன் பிறகு நாட்டின் குறியீடு: ஜெர்மனி 49, ஐக்கிய அரபு அமீரகம் 971, சிங்கப்பூர் 65. ஜெர்மனிக்காரர் தந்த கார்டில் 0211 என்று தொடங்கினால், அந்த முதல் பூஜ்யத்தை விட்டுவிட்டு +49 211 என்று அழைக்க வேண்டும். இத்தாலி மட்டும் கொஞ்சம் வில்லங்கம். அங்கே லேண்ட்லைனுக்குப் பூஜ்யத்தை விடக்கூடாது. மிலன் நகர எண் +39 02 என்றே தொடங்கும். உங்கள் சிம்மில் ஐ.எஸ்.டி. வசதி இருக்கிறதா, அந்த நாட்டுக்கு நிமிடத்துக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் இருக்கிறதே என்று நினைக்கலாம். அமீரகத்தில் வாட்ஸ்அப் செய்தி போகும், அழைப்பு பொதுவாகப் போகாது.

அடுத்தது நேரம். பலர் சறுக்குவது இங்கேதான். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். நாம் ஆபீஸ் வந்து டீ குடித்துவிட்டு 9.30-க்குக் கூப்பிட்டால் அங்கே மதியம் 12 மணி, சாப்பாட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள். ஜெர்மனி குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்னால், கோடையில் மூன்றரை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள். அமெரிக்காவிலோ மார்ச் இரண்டாம் ஞாயிறே மாற்றிவிடுவார்கள். அதனால் மார்ச் மாதம் மட்டும் ஒவ்வொரு அழைப்புக்கும் முன் போனில் உள்ள உலகக் கடிகாரத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்குக் குளிர்காலத்தில் இரவு 7.30, கோடையில் மாலை 6.30. விடுமுறையும் மாறும். சவுதியில் வெள்ளி, சனி. அமீரக அரசு அலுவலகங்களில் 2022 ஜனவரி முதல் சனி, ஞாயிறு, அத்துடன் வெள்ளி அரை நாள்.

பேசும்போது இங்கிலீஷ் இலக்கணத்தைவிட எண்ணும் தேதியும்தான் முக்கியம். "ஒன் லேக் பீஸ்" என்றால் பல நாட்டினருக்குப் புரியாது; "ஒன் ஹண்ட்ரட் தவுசண்ட்" என்று சொல்லுங்கள். 05/06 என்பது நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. ஒரு மாத வித்தியாசத்தில் ஆர்டரே கைவிட்டுப் போகலாம். ஆகவே மாதத்தைப் பெயர் சொல்லியே பேசுங்கள். புரியவில்லை என்றால் திரும்பக் கேட்பதில் ஒரு வெட்கமும் வேண்டாம், அவர்களும் நம்மிடம் கேட்கத்தான் செய்வார்கள். போனை வைத்ததும் பேசிய அளவு, விலை, தேதியை ஒரு சின்ன மெயிலாக அனுப்பிவிடுங்கள்.

சிலர் போனில் கால் ரெக்கார்டிங் தானாக ஓடும்படி வைத்திருப்பார்கள். அதைக் கொஞ்சம் கவனியுங்கள். தனிப்பட்ட பேச்சை எதிரில் இருப்பவர் சம்மதம் இல்லாமல் பதிவு செய்வது ஜெர்மனியில் தண்டனைக்குரிய குற்றம்.

இன்னொன்று, பணம். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி புதிய கணக்குக்கு அனுப்புங்கள்" என்று வெளிநாட்டு சப்ளையர் பெயரில் மெயில் வந்தால், பதில் மெயில் போடாதீர்கள். அந்த மெயிலில் உள்ள எண்ணுக்கும் கூப்பிடாதீர்கள். நீங்கள் வழக்கமாகப் பேசும் பழைய எண்ணுக்கு அழைத்து, தெரிந்த குரலிடம் கேளுங்கள். மெயிலை ஹேக் செய்து, கணக்கு எண்ணை மட்டும் மாற்றி அனுப்பும் மோசடி இது. பணம் ஏற்கெனவே போய்விட்டதா? விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே உங்கள் வங்கிக்கும், சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் சொல்லுங்கள். பணம் எந்தக் கணக்குக்குப் போனது, எத்தனை மணிக்குப் போனது என்ற விவரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.