பழுப்பு நிலக்கரிக்குள் ஒரு காடு
உயிர்களின் கிளைவழி – 9

உயிரினங்கள் காலப்போக்கில் மாறின என்பதற்குச் சான்று எங்கே என்று கேட்பவர்களை நெய்வேலிக்கு அழைத்துப் போக வேண்டும். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு பழுப்பு நிலக்கரியின் கரிய துகள்கள் மேலே வந்தன. 1956இல் அதைத் தோண்ட நிலக்கரி நிறுவனம் உருவாகி, 1961இல் நிலக்கரிப் படுகை வெயிலைப் பார்த்தது. ஏறக்குறைய 50 முதல் 100 மீட்டர் வரை மேல்மண்ணை அகற்றினால்தான் அதைத் தொட முடியும். கோடி ஆண்டுகளுக்கும் முன்பு அது சதுப்புக் காடு.

எந்தெந்தச் செடி அங்கே வளர்ந்தது என்று எப்படித் தெரியும்? மகரந்தத் தூளின் மேலுறை எளிதில் மட்காது, அமிலத்தையும் தாங்கும். கரியை ரசாயனத்தில் கரைத்து, எஞ்சியதை நுண்ணோக்கியில் வைத்தால் பனைக் குடும்பத்து மகரந்தமும் பெரணிகளின் வித்துகளும் தென்படும். தொல்தாவரவியலாளர் சி.ஜி.கே. ராமானுஜம் 1960களிலேயே இவற்றை விரிவாக ஆராய்ந்தார். மகரந்தம் மட்டுமல்ல, கடலூர் மணற்கல் என்னும் பாறையடுக்கில் கல்லாய்ப்போன மரங்களையும் திருவக்கரையில் இன்றும் காணலாம். குங்கிலியக் குடும்பத்து மரங்களும் இந்த மணற்கல்லில் கிடைத்துள்ளன. இன்றைய மரங்களோடு அவற்றுக்கு நெருங்கிய சாயல் உண்டு.

இனி அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறைகளுக்குப் போவோம். அவை இன்னும் பழைய கடலின் அடித்தளம். அங்கே சுருள் ஓட்டு அம்மோனைட்டுகள் ஏராளம். அந்த உயிரினக் குழு 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்தது; நெய்வேலி அடுக்கில் ஒன்றுகூட இல்லை. இந்த வரிசை எங்கே தோண்டினாலும் புரள்வதில்லை. ஒரே ஒரு அடுக்கில் முறை தவறி ஒரு முயல் எலும்பு கிடைத்தாலும் பரிணாமக் கொள்கை ஆட்டம் கண்டுவிடும். இத்தனை காலமாகத் தோண்டியும் அப்படி ஒன்று கிடைக்கவில்லை.

மாற்றம் நடந்தது சரி; ஓரினம் பலவாவது எப்படி? விடை மேற்கு மலைத்தொடரின் உச்சிகளில் இருக்கிறது. சிரிப்பான் என்னும் பறவை உயரமான சோலைக்காடுகளை விட்டு இறங்குவதில்லை. பாலக்காட்டுக் கணவாய் நீலகிரியையும் பழனி மலையையும் பிரிக்கிறது. தெற்கே செங்கோட்டைக் கணவாய் இன்னொரு வேலி. வெப்பமான தாழ்நிலத்தைக் கடக்காத பறவைகள் இருபுறமும் கலந்து இனப்பெருக்கம் செய்யவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் மரபணு மாற்றங்கள் தனித்தனியே சேர்ந்தன. வி.வி. ராபின் குழுவினர் 2017இல் மரபணுக்களையும் உடலமைப்பையும் ஒப்பிட்டு இப்பறவைகளைத் தனிப் பேரினமாக வகைப்படுத்தினார்கள். இன்று பாணாசுரம், நீலகிரி, பழனி, அகத்தியமலைப் பகுதிகளில் நான்கு தனி இனங்கள்.

மண்ணடுக்கு காலவரிசையைத் தருகிறது. மரபணு உறவுமுறையைத் தருகிறது. ஒன்றையொன்று சாராத இரண்டு சாட்சிகளும் ஒரே வரலாற்றைச் சொல்வதுதான் பரிணாமத்தின் வலிமை.

நெய்வேலியில் ஒவ்வொரு நாளும் மின்சாரத்துக்காக எரியும் கரியில் இந்தச் சாட்சியும் சேர்ந்தே எரிகிறது. மின்சாரம் தேவைதான். ஆனால் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் மாதிரிகளைச் சேமித்து, நகரியத்துப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் நுண்ணோக்கியோடு வைக்க வேண்டும். தங்கள் வீட்டு விளக்கை எரியவைப்பது எந்தக் காடு என்று அந்தக் குழந்தைகள் தம் கண்ணாலேயே பார்க்க உரிமை உள்ளவர்கள்.

அடுத்த வாரம்: மலையும் கணவாயும் குறுக்கிடாத ஒரே ஏரிக்குள் மீனினங்கள் பிரிந்தது எப்படி?

(தொடரும்)