இருபதாம் நம்பர் வீடு!

இங்கிலாந்தின் துறைமுக நகரம் லிவர்பூல். அதன் புறநகரான ஆலர்டனில் ஃபோர்த்லின் ரோடு என்று ஒரு தெரு. வரிசையாக ஒட்டிக் கட்டிய செங்கல் வீடுகள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஆறு வித்தியாசம்கூடக் கண்டுபிடிக்க முடியாது!

ஆனால், இருபதாம் நம்பர் வாசலில் மட்டும் வேனில் வந்து இறங்குகிறார்கள். பயபக்தியோடு உள்ளே போகிறார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வருகிறார்கள்.

'அட, ஒரு கார்ப்பரேஷன் வீட்டுக்கா இத்தனை பில்டப்?'

கொஞ்சம் பொறுங்க, ஸார்!

1941 மே மாதம் ஜெர்மன் விமானங்கள் ஒரு வாரம் ராத்திரி ராத்திரியாகக் குண்டு போட்டு லிவர்பூலை நொறுக்கின. இரண்டாம் உலகப் போர் ஓய்ந்த பிறகு, நகரசபை சிக்கனமாகக் கட்டி வாடகைக்கு விட்ட வீடுகளில் ஒன்றுதான் இது.

1955-ல் ஒரு குடும்பம் குடிவந்தது. அப்பா ஜிம், பருத்தி கம்பெனியில் சேல்ஸ்மேன். அம்மா மேரி, பிரசவம் பார்க்கும் நர்ஸ். இரண்டு பையன்கள். நல்ல ஏரியாவில் பிள்ளைகள் வளரணும் என்பது அந்த அம்மாவின் ஆசை. பாவம், புது வீட்டில் இரண்டு வருஷம்கூட வாழக் கொடுத்துவைக்கவில்லை. 1956 அக்டோபரில் புற்றுநோய் கொண்டுபோய்விட்டது.

மூத்த பையனுக்கு அப்போது பதினாலு வயசு. பெயர், பால் மெக்கார்ட்னி. ஆமாம், 'பீட்டில்ஸ்' பால்தான்!

அப்பா வேலைக்குக் கிளம்பியதும் பால் ஸ்கூலுக்குக் கட் அடிப்பான். சிநேகிதன் ஜான் லென்னன் கிடாரோடு வந்துவிடுவான். ஜானும் 1958-ல் கார் விபத்தில் அம்மாவைப் பறிகொடுத்தவன். முன்னறையில் எதிரெதிரே உட்கார்ந்து வாசிப்பார்கள். பால் இடது கைக்காரன், ஜான் வலது கை. கண்ணாடி பார்ப்பதுபோல் இருக்கும்! எழுதிய பாட்டெல்லாம் ஒரு ஸ்கூல் நோட்டில் ஏறும். எதிரொலி கேட்கும் என்று பால் கிடாரைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் புகுந்துகொள்வதும் உண்டு.

'ஷி லவ்ஸ் யூ' பாட்டை 1963-ல் முடித்ததும் இங்கேதான். கேட்ட அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "அமெரிக்கத்தனமா 'யா'ன்னு பாடறதுக்கு பதிலா, 'யெஸ்'ஸுன்னு பாடக்கூடாதாப்பா?" என்கிற ரீதியில் கேட்டாராம். பிள்ளைகள் சிரித்து உருண்டிருப்பார்கள்!

1964-ல் குடும்பம் வேறு வீட்டுக்குப் போய்விட்டது. 1995-ல் இந்த வீட்டை 'நேஷனல் டிரஸ்ட்' வாங்கியது. கோட்டை, பிரபுக்களின் மாளிகை என்று பாதுகாக்கிற, அப்போதே நூறு வயசான அமைப்பு. 'இதெல்லாம் ஒரு புராதனச் சின்னமா?' என்று சிலர் முகம் சுளித்தார்கள்.

டிரஸ்ட் அசரவில்லை. வீட்டை ஐம்பதுகளின் கோலத்துக்கே திருப்பியது. ஒரே ஹாலில் சுவருக்குச் சுவர் வேறு வேறு வால்பேப்பர். தரையில் ஒட்டுப்போட்ட கார்ப்பெட். காரணம், மெக்கார்ட்னி வீட்டில் மலிவாகக் கிடைத்த மிச்சத் துண்டுகளைத்தான் வாங்கிப் போட்டிருந்தார்கள்! தம்பி மைக் அந்தக் காலத்தில் எடுத்த ஃபோட்டோக்களும் சுவரில் இருக்கின்றன. 1998-ல் பொதுஜனங்களுக்குத் திறந்தார்கள். 2012-ல் அரசின் பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலிலும் ஏறிவிட்டது. இனி நினைத்தபடி இடிக்க முடியாது.

பக்கத்து வீட்டிலும் அதே செங்கல்தான், அதே சமையலறைதான். பாட்டு பிறந்ததால் இந்த வீடு பிழைத்தது. ஆனால், உள்ளே போகிறவர்களைப் பிடித்து நிறுத்துவது பாட்டு மட்டுமில்லை. ராஜா சாப்பிட்ட தங்கத் தட்டை எத்தனையோ மியூஸியத்தில் பார்க்கலாம். மாசக் கடைசியில் பட்ஜெட்டில் துண்டு விழுந்த குடும்பம், துண்டு துண்டாக வாங்கி ஒட்டிய வால்பேப்பரை யார் எடுத்து வைப்பார்கள்?

அந்த அம்மா ஆசைப்பட்டு வந்த வீடு... அவர் இருந்தது ஒரு வருஷம் சொச்சம்தான். வீடு இன்னும் இருக்கிறது!