கறள் தேடும் இடம்

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் கப்பல், மட்டக்களப்புக் கடலில் ஏறத்தாழ ஐம்பது மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. எண்பது ஆண்டுகள் கடந்தும் அது கப்பல்தான் என்று சுழியோடிகளால் அடையாளம் காண முடிகிறது. கரையில் உள்ள வீட்டுக் கூரைத் தகரமோ சில மாரிகளிலேயே ஓட்டையாகிவிடுகிறது. தகரம் மெல்லியது, கப்பலின் தகடு தடித்தது என்பது உண்மைதான். ஆனால் அது பாதிக் காரணம். கறள் பிடிக்க நீரும் ஒட்சிசனும் சேர்ந்து வேண்டும், உப்பு அந்த வேலையை விரைவுபடுத்தும். கடலடியில் நீருக்கும் உப்புக்கும் குறைவில்லை, ஒட்சிசன்தான் மெதுவாக வந்துசேர்கிறது. கரையிலோ உப்பு ஈரம் மெல்லிய படலமாக இரும்பில் ஒட்டியிருக்க, அதன் மேலே காற்று தாராளமாகக் கிடைக்கிறது. ஆகவே நீருக்குள் இருக்கும் இரும்பைவிட, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே நனைந்தும் காய்ந்தும் நிற்கும் இரும்புக்கே ஆபத்து அதிகம்.

மட்டக்களப்பு வாவியில் இந்த ஆபத்தான பட்டை ஓரிடத்தில் நிற்பதில்லை. முகத்துவாரத்தில் மணல் மேடு அடைத்திருக்கும் காலத்தில் நீர்மட்டம் ஒன்று, மாரி வெள்ளத்தில் அது உடைந்து கடலோடு சேரும்போது வேறொன்று. நீரின் உவர்ப்பும் அதோடு கூடிக் குறைகிறது. வாடைக் காற்று நனைப்பதைக் கச்சான் உலர்த்துகிறது. உலர்ந்த பின்னும் உப்பு அங்கேயே தங்கி, அடுத்த ஈரத்துக்குக் காத்திருக்கும்.

கறள் இரும்பை எங்கும் ஒரே சீராகத் தின்பதில்லை என்பதுதான் இதில் முக்கியமான செய்தி. இரும்புத் தகட்டில் ஒரு துளி உப்புநீரை விட்டுப் பார்த்தால், ஒட்சிசன் எளிதில் எட்டும் விளிம்பு தப்பிவிடும், ஒட்சிசன் குறைந்த நடுப்பகுதிதான் கரையும். நடுவில் இரும்பு இலத்திரன்களை இழக்கிறது, விளிம்பில் ஒட்சிசன் அவற்றை ஏற்கிறது. ஒரு சிறிய மின்கலம் அங்கே இயங்குகிறது. இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தும் இடுக்கிலும், ஆணித் தலைக்கு அடியிலும், சேறு தங்கிய மூலையிலும் நடப்பது இதுவே. இந்த வாவியின் மேல் 1924 இல் கட்டப்பட்ட கல்லடி லேடி மனிங் பாலம் போன்ற பழைய இரும்புப் பாலங்களில் இத்தகைய மூட்டுகள் ஏராளம். எனவே பாதுகாப்புச் செலவில் பெரும்பங்கு மூட்டுகளுக்கும் இடுக்குகளுக்கும் போக வேண்டும் என்பதே என் வாதம். கண்ணில் படும் பரப்பை வெள்ளியாக மினுக்குவது பாதுகாப்பு ஆகாது. உப்பைக் கழுவாமல் பூசினால், அடியில் சிறைப்பட்ட உப்பு ஈரத்தை உறிஞ்சிப் பெயின்றைக் கொப்பளமாக உயர்த்தும். நன்னீரால் கழுவிச் சுரண்டித் துப்புரவாக்கும் நாட்கள்தான் பூச்சின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. எவரும் படம் எடுக்காத நாட்கள் அவை!

நூறு ஆண்டு நின்ற பாலத்துக்கு இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்கலாம். நெடுங்காலமாகக் கறள் அரிக்காத டெல்லி இரும்புத் தூணையும் சாட்சிக்கு அழைப்பார்கள். அந்தத் தூணின் இரும்பில் பொசுபரசு அதிகம், அது ஒரு காப்புப் படலத்தை உண்டாக்க உதவியது. தூண் நிற்பதும் கடலோரத்தில் அன்று. பாலங்களின் கதைக்குப் பொருத்தமான சாட்சி பாம்பன் கடற்பாலம்தான். 1914 இல் திறந்த ரயில் பாலம் பராமரிப்பால் நெடுங்காலம் தாக்குப்பிடித்தது, 2022 டிசம்பரில் அதில் ரயில்கள் நின்றன. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் மூட்டுகளை முழுதும் பற்றவைத்தார்கள். இடுக்கே இல்லாவிட்டால் உப்புநீர் எங்கே ஒளியும்?

நாகத்தைக் கட்டிவிட்டால் போதாதா என்பது இன்னொரு கேள்வி. நாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். 1824 இல் ஹம்ப்ரி டேவி இதே தத்துவத்தைப் பிரித்தானியக் கப்பல்களின் செப்புத் தகடுகளில் முயன்றார். செப்பு கரையாமல் நின்றது, ஆனால் கரையும் செப்பின் நஞ்சு இல்லாததால் கடற்சிப்பிகள் அடியில் ஒட்டிக் கப்பலின் வேகத்தைக் குறைத்தன. நாகக் கட்டி நீருக்குள் நிற்கும் தூணுக்கு உதவும். காற்றில் நிற்கும் சட்டத்துக்கு நாக முலாம் பூசலாமே தவிர, தொலைவில் கட்டிய கட்டியால் பயனில்லை, இடையில் மின்னைக் கடத்த நீர் இல்லை. கொங்கிறீட்டும் முழு விடை அல்ல. உப்பின் குளோரைட்டு மெல்ல ஊடுருவி உள்ளிருக்கும் இரும்புக் கம்பியை எட்டும். கறள் இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் கொங்கிறீட் உள்ளிருந்து வெடிக்கும். கம்பிக்கு மேல் போதிய தடிப்பில் நெருக்கமான கொங்கிறீட் இருந்தால்தான் அந்த நாள் தள்ளிப்போகும்.

கடைசியாகப் பணம். கல்லடியில் 2013 இல் புதிய பாலம் வந்தபின் பழையதில் வாகனச் சுமை குறைந்துவிட்டது, இனி ஏன் செலவழிப்பது என்பார்கள். சுமை குறைந்தால் இரும்பின் களைப்புக் குறையும், கறளுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. உலகளவில் அரிப்பின் செலவு ஆண்டுக்கு 2.5 இலட்சம் கோடி டொலர் என்றும், தெரிந்த முறைகளைக் கையாண்டாலே அதில் 15 முதல் 35 சதவீதத்தை மிச்சப்படுத்தலாம் என்றும் அரிப்புப் பொறியியலாளர் அமைப்பான நேஸ் 2016 இல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. பாலம் முழுவதையும் ஒரே தடவையில் பூசப் பணம் இல்லையென்றால், மீயொலிக் கருவியால் ஒவ்வொரு மூட்டின் அருகிலும் மிஞ்சிய தகட்டுத் தடிப்பை அளந்து, மெலிந்த இடங்களை மட்டும் முதலில் திருத்தலாம்.