குடிபெயரும் குடும்பமும் அழைக்கும் மாநிலமும்

வவுனியாவிலிருந்து கண்டி வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் ஓமந்தையையும் புளியங்குளத்தையும் கடந்து கனகராயன்குளத்தை அடைவர். வயலும் காடும் சூழ்ந்த இவ்வூரில் மாலையில் இருவர் சந்தித்தால் மழையைப் பற்றியும் நெல்லின் விலையைப் பற்றியும் பேசுவது நெடுநாளைய வழக்கம். இந்நாளில் அப்பேச்சினூடே வேறொரு செய்தியும் கலந்துவிட்டது. ‘அவுஸ்திரேலியாவிலும் கனடாவிலும் நாட்டுப்புறங்களுக்கு ஆள் எடுக்கிறார்களாம், பெண்சாதி பிள்ளைகளோடு போகலாமாம்’ என்பதே அச்செய்தி. அதை முழுதும் நம்பி, காணியை ஈடு வைத்து, முன்பின் அறியாத முகவரிடம் பணத்தை ஒப்புவிப்போர் உளர். முழுதும் ஏமாற்று என்று தள்ளிவிடுவோரும் உளர். இரு திறத்தாரும் உண்மையின் பாதியையே அறிந்தவர். அத்தகைய வாயில் ஒன்று உண்டு. ஆனால் அதன் திறவுகோல் பணமன்று.

அவ்வாயில் எதன்பொருட்டுத் திறக்கப்பட்டது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அவுஸ்திரேலியா பரந்த நாடு. எனினும் அதன் மக்களிற் பெரும்பகுதியினர் கரையோரத்துப் பெருநகரங்களிலேயே வாழ்கின்றனர். உள்நாட்டு ஊர்களில் வைத்தியசாலை இருக்கும், தாதியர் போதார். வீடு கட்ட நிலம் இருக்கும், தச்சரும் மின்னிணைப்பாளரும் கிடையார். வெளிநாட்டிலிருந்து வருவோரும் பெருநகரத்தையே நாடினால் இக்குறை ஒருநாளும் தீராது. ஆகவே, ‘எங்கள் நாட்டுக்கு வரலாம், ஆனால் ஆள் வேண்டியிருக்கும் பகுதியில் குடியிருந்து தொழில் செய்தல் வேண்டும்’ என்று அவ்வரசு ஓர் உடன்படிக்கை வகுத்தது. நாட்டுப்புறக் குடிவரவுத் திட்டம் என்பதன் சாரம் இவ்வளவே.

வன்னி மக்களுக்கு இது புதுமையாகத் தோன்ற வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தின் மக்கள் நெருக்கத்தையும் வேலையின்மையையும் குறைக்கும் நோக்கத்துடன், 1936 ஆம் ஆண்டளவில், இரணைமடுக் குளத்தின் நீரை நம்பிக் கிளிநொச்சியிற் குடியேற்றம் தொடங்கிற்று. 1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் காணி பெற்றவர் அக்காணியைத் திருத்திப் பயிர்செய்தல் வேண்டும். தம் விருப்பம்போல விற்றல் ஆகாது. அனுமதிப்பத்திரக் காணியில் வாழும் எவரும் இந்நிபந்தனையை அறிவர். அரசு ஒரு கையால் இடம் கொடுத்தது; மறுகையால் உழைப்பைக் கேட்டது. கடல் கடந்த திட்டமும் அத்தகையதே. வேறுபாடு யாதெனில், அங்கே கேட்கப்படுவது காடு வெட்டும் கையன்று. சான்றிதழ் பெற்ற தொழில்.

தொழிலறிவை முன்னிட்டுத் தமிழர் கடல் கடந்ததும் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதற்குப் பின்னரும் யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் மலாயாவுக்குச் சென்று புகையிரதப் பகுதியிலும் நில அளவைப் பகுதியிலும் எழுதுவினைஞர் பதவிகளிலும் அமர்ந்தனர். மிசன் பாடசாலைகளில் அவர்கள் பெற்ற ஆங்கிலக் கல்வியும் அங்கிருந்த ஆட்குறையும் பொருந்தியமையே அதற்குக் காரணம். அப்பொருத்தம் இன்றி எவரும் அழைக்கப்பட்டிலர். இன்றும் நியதி அதுவே.

இனி அவுஸ்திரேலியத் திட்டத்தின் நடைமுறையைக் காண்போம். 2019 நவம்பர் 16 ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 491 ஆம் இலக்க விசா ஐந்து ஆண்டுகளுக்கு வழங்கப்படுவது. சிட்னி, மெல்பேண், பிறிஸ்பேன் ஆகிய மூன்று பெருநகரங்கள் நீங்கலாக நாட்டின் ஏனைய பகுதியெல்லாம் இதன்படி நாட்டுப்புறமாகக் கொள்ளப்படும். ஆகவே பேர்த், அடிலெயிட் போன்ற நகரங்களும் இதனுள் அடங்கும். விண்ணப்பிப்பவர் அழைப்புப் பெறும் நாளில் 45 வயதை எட்டாதவராய் இருத்தல் வேண்டும். அவருடைய தொழில் பட்டியலில் இடம்பெற்றிருத்தல் வேண்டும். அத்தொழிலுக்கென நியமிக்கப்பட்ட சபை அவரது திறனை மதிப்பிட்டு ஏற்றல் வேண்டும். ஒரு மாநில அரசு பரிந்துரைத்தல் வேண்டும். அல்லது நாட்டுப்புறத்தில் வாழும் தகுதியுள்ள உறவினர் பொறுப்பேற்றல் வேண்டும். இவற்றுடன் குறைந்தது 65 புள்ளிகளும் தேவை.

புள்ளிக் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கனகராயன்குளத்தில் முப்பத்தொரு வயதுடைய மின்னிணைப்பாளர் ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். மனைவியும் ஒரு குழந்தையும் உளர். 25 முதல் 32 வரையான வயதுக்கு 30 புள்ளிகள். மதிப்பீட்டுச் சபை ஏற்ற தொழிற் சான்றிதழுக்கு 10. மூன்று ஆண்டுத் தொழில் அனுபவத்துக்கு 5. ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்னும் ஆங்கிலப் பரீட்சையில் நான்கு பகுதிகளிலும் 6 பெற்றால் விண்ணப்பிக்கும் தகுதி மட்டுமே உண்டு, புள்ளி இல்லை. ஆக 45. மாநிலப் பரிந்துரைக்கு 15 சேர்த்தால் 60. ஐந்து புள்ளிகள் குறைகின்றன.

இந்த ஐந்தை எங்ஙனம் பெறுவது? அவர் மனைவி அதே ஆங்கிலப் பரீட்சையில் நான்கு பகுதிகளிலும் 6 பெற்றால் 5 புள்ளிகள் சேரும். கணக்கு 65 ஆகிவிடும். அவரே ஒவ்வொரு பகுதியிலும் 7 பெற்றால் மேலும் 10 கிடைக்கும், மொத்தம் 75. மாறாக, நாளைக் கடத்தி 33 வயதை அடைந்துவிட்டால் வயதுக்குரிய 30 புள்ளி 25 ஆகக் குறையும். 65 என்பது வாசற்படி மட்டுமே என்பதையும் மறத்தல் ஆகாது. போட்டி மிகுந்த தொழில்களில் அதனினும் கூடிய புள்ளியுடையோரே அழைக்கப்படுவர். இக்கணக்கில் முகவருக்குக் கொடுத்த பணத்துக்கென ஒரு புள்ளியும் இல்லை. அடுக்களையில் விளக்கொளியில் ஆங்கிலம் படிக்கும் மனைவிக்கு ஐந்து புள்ளி உண்டு. குடிபெயர்வது ஒருவரன்று, ஒரு குடும்பம் என்பதை அந்த ஐந்து புள்ளிகளே உணர்த்துகின்றன.

அழைப்புக் கிடைத்தபின் 60 நாட்களுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும். விசா பெற்றுச் சென்ற குடும்பம் அவ்விசாவுடன் குறைந்தது மூன்று ஆண்டுகள் நாட்டுப்புறத்திலேயே வாழ்ந்து, தொழில் செய்து, வருமானவரிக் கணக்கையும் ஒழுங்காகக் காட்டினால், 191 ஆம் இலக்க நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அந்த வழி 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. உறவினர் இருக்கிறார்கள் என்று சிட்னிக்குப் போய்க் குடியிருந்தால் நிபந்தனை மீறியதாகும். விசாவையே இழக்க நேரிடலாம்.

கனடாவின் முறை சற்று வேறானது. அங்கே 1998 இல் மனிற்றோபா மாகாணத்தில் தொடங்கிய மாகாணப் பரிந்துரைத் திட்டம், பின்னர் கியூபெக் நீங்கலாக ஏனைய மாகாணங்களுக்கும் பரவிற்று. 2015 முதல் நடைபெறும் மத்திய அரசின் தேர்வு முறையில், ஒரு மாகாணத்தின் பரிந்துரை 600 புள்ளிகளைத் தரும். மொத்தமே 1200 என்றால் அதன் பெறுமதியை உணரலாம். அத்திலாந்திக் கரையிலுள்ள நான்கு மாகாணங்களுக்கெனத் தனித் திட்டமும் உண்டு. இத்திட்டங்களின் வழியே செல்வோர் முதலிலேயே நிரந்தர வதிவிட உரிமை பெறுகின்றனர். பின்னர் நாட்டின் எப்பகுதிக்கும் செல்லும் உரிமையை அந்நாட்டு அரசியலமைப்பு அளிக்கிறது. ஆயினும் பரிந்துரைத்த மாகாணத்தில் வாழும் மெய்யான எண்ணம் விண்ணப்பிக்கும்போது இருத்தல் வேண்டும். அவ்வெண்ணமின்றிப் பொய்யுரைத்தது வெளிப்பட்டால் பெற்ற உரிமையும் பறிபோகலாம்.

வன்னிக் குடும்பங்களுக்கு இவ்வழியில் தனிப்பட்ட இடர் ஒன்று உண்டு; அது பத்திரங்கள் பற்றியது. 2009 இல் முடிவுற்ற போரின்போது ஊர் ஊராக இடம்பெயர்ந்தவர்கள் வீட்டோடு பிறப்புச் சான்றிதழையும் விவாகப் பதிவையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் இழந்தனர். மீண்டும் பெற்ற பிரதிகளில் ஒருவர் பெயரே மூன்று விதமாக எழுதப்பட்டிருத்தலும் காணப்படுகிறது. தகப்பன் பெயர் ஒன்றில் முன்னும் மற்றொன்றில் பின்னும் நிற்கும். வெளிநாட்டு உத்தியோகத்தருக்கு இவை இரு வேறு மனிதராகத் தோன்றும். ஆகவே பதிவாளர் மூலம் பெயரைத் திருத்துதலும், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு தமிழ்ப் பத்திரங்களை ஆங்கிலமாக்குதலும் முதல் வேலையாதல் வேண்டும். கட்டாரிலோ வேறு நாட்டிலோ ஓராண்டுக்கு மேல் தொழில் செய்தவர் அந்நாட்டுப் பொலிஸ் நற்சான்றும் பெறுதல் வேண்டும். கடவுச்சீட்டுக்கு வவுனியாவிலேயே அலுவலகம் உண்டு.

அடுத்தது தொழிற் சான்றிதழ். பல்லாண்டு வேலை செய்து கைதேர்ந்தவராயினும், எழுத்தில் ஆதாரம் இல்லாதவரை எச்சபையும் ஏற்காது. நம் நாட்டில் தேசிய தொழிற் தகைமை என்னும் ஏழு படிநிலைச் சான்றிதழ் முறை உண்டு. அனுபவத்தால் தொழில் கற்றவரும் சோதனைக்குத் தோற்றி இச்சான்றிதழைப் பெறலாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இளைஞர்க்குத் தொழில் கற்பிக்கிறது. 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகமும் அருகிலுண்டு. வேலை கொடுத்தவரிடம் சம்பளத் துண்டையும் சேவைக் கடிதத்தையும் கேட்டு வாங்கி வைத்தல், சிறிய செயலாயினும் பெரும்பயன் தரும்.

முகவர் பற்றியும் ஒரு சொல். நேர்மையான ஆலோசகர் பத்திரங்களை ஒழுங்குபடுத்த உதவலாம். ஆனால் எவரும் விசாவை விற்க முடியாது. ‘நிச்சயமாக எடுத்துத் தருவேன்’ என்று கூறுபவர், ‘ஆங்கிலப் பரீட்சை தேவையில்லை’ என்பவர், அனுபவக் கடிதத்தைத் தாமே எழுதித் தருவதாகச் சொல்பவர் ஆகிய மூவரையும் விட்டு விலகுதலே அறிவுடைமை. பொய்ப் பத்திரம் கண்டுபிடிக்கப்பட்டால் பல ஆண்டுகளுக்கு விண்ணப்பிக்க முடியாதபடி தடை விழும்; அத்தடையைச் சுமப்பவர் முகவரல்லர், விண்ணப்பித்தவரே. அரசுக்குரிய கட்டணத்தை நேரே செலுத்திப் பற்றுச்சீட்டைத் தம்மிடமே வைத்திருத்தல் வேண்டும். படகேறிச் செல்லும் வழியைக் கூறுவோருக்குச் செவிகொடுத்தலே ஆகாது. 2013 முதல், படகில் வந்தோரைத் தன் நாட்டிற் குடியமர்த்துவதில்லை என்பதே அவுஸ்திரேலியாவின் கொள்கை.

சென்றபின் வாழ்வு எத்தகையது என்பதையும் எண்ணிப் பார்த்தல் நன்று. மனிற்றோபாவின் தலைநகரான வினிப்பெக்கில் தை மாதத்து இரவுகளிற் குளிர் உறைநிலைக்குக் கீழே 20 பாகையையும் தாண்டுவதுண்டு. சிறிய ஊரில் கோயிலும் தமிழ்ப் பாடசாலையும் அருகில் இரா. பிள்ளையின் நாவிலே தமிழ் நிலைக்க வேண்டுமாயின் அதை வீட்டிலேயே வளர்த்தல் வேண்டும். ரொறன்ரோவிலுள்ள உறவினரின் வாழ்வை எண்ணிச் செல்பவர் ஏமாற்றம் அடைவர். ஆனால் காட்டோரத்திற் குடியிருந்து, அயலவரைச் சேர்த்துக்கொண்டு ஊரை ஆக்கிய மக்களுக்குச் சிற்றூர் வாழ்வின் அருமை தெரியாததன்று.

இறுதியாக ஒன்று கூறற்பாலது. அங்கே தாதியர் இல்லை என்று ஒரு நாட்டுப்புறம் அழைக்கும்போது, இங்கே இன்னொரு நாட்டுப்புறம் தன் தாதியை இழக்கிறது. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப்பின் இலங்கையின் கற்றோரும் தொழிலறிந்தோரும் பெருந்தொகையாக வெளியேறியதை யாவரும் அறிவர். போவோரைக் குறைகூறுதல் நியாயமன்று. பிள்ளைகளின் எதிர்காலத்தை நாடுதல் பெற்றோர் கடன். ஆயினும் போவதா, இருப்பதா என்னும் வினாவுக்கு விடை காணுமுன் இரு நிலைகளுக்கும் பயன்படும் முயற்சியைத் தேர்ந்துகொள்ளல் கூடும். ஈடு வைத்த காணி, விசா கிடைக்காவிடின், மீளாது போகலாம். கற்ற தொழிலும் பெற்ற சான்றிதழும் பழகிய ஆங்கிலமும் அவ்வாறல்ல. மாநிலம் அழைத்தால் அவை வழித்துணையாகும். அழைக்காவிடின் கனகராயன்குளத்திலேயே அவை சோறு போடும்.