வீட்டுக்குள்ள ஒரு லெக்சரர்!

'வீட்டிலிருந்தபடியே யுனிவர்சிட்டி புரொபசர் ஆகுங்கள்... மாதம் 45,000 ரூபாய்... இன்றே பதிவு செய்யுங்கள்!'

செல்லுக்கு இப்படி ஒரு மெசேஜ் வந்தா என்ன பண்ணுவீங்க? சிரிச்சுட்டு டெலிட் பண்ணிடுவீங்க. என் பெரியம்மா பொண்ணு டெலிட் பண்ணலை. 2,500 ரூபாயைக் கட்டிட்டாங்க!

அக்கா ஒண்ணும் விவரம் தெரியாத ஆள் இல்லை. எம்.காம்., எம்.பில். முடிச்சு, 'நெட்' தேர்வையும் பாஸ் பண்ணினவங்க. ஈரோடு பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் ஆறு வருஷம் பாடம் எடுத்தவங்க. மாமாவுக்கு ஓசூருக்கு டிரான்ஸ்ஃபர், கையில் ஒண்ணரை வயசுக் குழந்தை, அதனால் வேலையை விட்டாச்சு. 'சான்றிதழ் சரிபார்ப்புக் கட்டணம்'னு கேட்டவன், பணம் போன அடுத்த நாளே நம்பரை பிளாக் பண்ணிட்டான்.

"ஆறு வருஷம் ஆடிட்டிங் நடத்தியிருக்கேன்டா... என்னையவே ஒருத்தன் ஏமாத்திட்டான்!" - செமஸ்டர் லீவில் ஓசூர் போன என்கிட்ட அக்கா சொன்னபோது, சிரிக்கிறதா அழுறதான்னு தெரியலை. 1930-க்கு போன் போட்டு புகார் கொடுத்தோம். அது சைபர் மோசடிக்கான தேசிய ஹெல்ப்லைன். அப்புறம் ரெண்டு பேரும் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தோம். நிஜமாகவே காலேஜ், யுனிவர்சிட்டியில் ஆன்லைனில் பாடம் எடுக்கிற வேலை இருக்கா, இல்லையா? பார்த்துடுவோம்!

இருக்கு பாஸ். ஆனா, நாம தேடுற பேர்லதான் இல்லை.

'ஆன்லைன் புரொபசர் வேலை'ன்னு தேடினா வந்து விழுறதில் முக்கால்வாசி குப்பை. யுனிவர்சிட்டிகள் இந்த வேலைக்கு வைக்கிற பேரே வேற. யு.ஜி.சி. 2020-ல் கொண்டு வந்த தொலைதூர, ஆன்லைன் படிப்பு விதிகளைப் படிச்சபோதுதான் எங்களுக்கு லைட் எரிஞ்சது. ஆன்லைன் டிகிரி நடத்துற யுனிவர்சிட்டியில் ஒரு படிப்புக்கு ஒரு 'புரோகிராம் கோ-ஆர்டினேட்டர்', ஒரு பாடத்துக்கு ஒரு 'கோர்ஸ் கோ-ஆர்டினேட்டர்', 250 மாணவர்களுக்கு ஒரு 'கோர்ஸ் மென்டர்' இருக்கணும். இந்தக் கடைசி ஆள்தான் நமக்கு முக்கியம். வீடியோவில் கோட்டு போட்டுக்கிட்டுப் பேசுற பெரிய புரொபசர் ஒருதடவை ரெக்கார்ட் பண்ணிட்டுப் போயிடுவார். 'சார்... மூணாவது கணக்கு டேலி ஆகலை'ன்னு ராத்திரி பத்து மணிக்கு வர்ற மெசேஜுக்குப் பதில் சொல்றது மென்டர்தான்!

சரி, எந்த யுனிவர்சிட்டிக்கு அனுமதி இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? யு.ஜி.சி-யின் தொலைதூரக் கல்விப் பிரிவோட வெப்சைட்டில் பட்டியல் இருக்கு. எந்த யுனிவர்சிட்டி, எந்தப் படிப்புன்னு தனித்தனியா போட்டிருப்பாங்க. அந்தப் பட்டியலை வெச்சுக்கிட்டு ஒவ்வொரு யுனிவர்சிட்டி சைட்டுக்குள்ளேயும் போய், வேலைவாய்ப்புப் பக்கத்தைத் தட்டணும். பல இடங்களில் இந்தத் துறைக்கு 'சி.டி.ஓ.இ.'னு பேர். பட்டியலில் இல்லாத பேரில் 'புரொபசர் வேலை' வந்தா, அதைத் தொடவே வேண்டாம். அக்காவை ஏமாத்தினவன் சொன்ன யுனிவர்சிட்டி பேர் பட்டியலில் எங்கேயும் இல்லை. ரெண்டு நிமிஷ வேலை. முன்னாடியே பார்த்திருந்தா 2,500 மிச்சம்!

இதில் எங்க இன்ஜினீயரிங் ஜாதிக்கு ஒரு சோகச் செய்தி. இன்ஜினீயரிங், மெடிக்கல், நர்சிங், பார்மசி, சட்டம், ஆர்க்கிடெக்சர் மாதிரி படிப்புகளை முழுக்க ஆன்லைனில் நடத்த யு.ஜி.சி. விதியில் அனுமதியே கிடையாது. பி.காம்., பி.பி.ஏ., எம்.பி.ஏ., எம்.சி.ஏ. பக்கம்தான் கூட்டம் மொய்க்குது. அதனால் காமர்ஸ், மேனேஜ்மென்ட், கம்ப்யூட்டர் ஆட்களுக்கு யோகம். சிவில், மெக்கானிக்கல் சீனியர்கள் பாவம். ஐ.ஐ.டி. மெட்ராஸ் தனி ரூட். 2020-ல் டேட்டா சயின்ஸை ஆன்லைன் டிகிரியாகவே ஆரம்பிச்சாங்க. பாடம் ஆன்லைனில், பரீட்சை மட்டும் நேரில். ஐ.ஐ.டி-களும் ஐ.ஐ.எஸ்ஸி-யும் சேர்ந்து 2003-ல் தொடங்கின என்.பி.டி.இ.எல். இருக்கே, அதிலும் பாடம் நடத்துறது புரொபசர். டவுட் கிளியர் பண்றது பெரும்பாலும் அவர்கிட்ட பிஹெச்.டி. பண்ற ஸ்காலர்கள். வெளியாள் நேரா நுழையறது கஷ்டம்.

தகுதி? காலேஜ் வாத்தியாருக்கு என்னவோ, அதேதான். ஆர்ட்ஸ், சயின்ஸ் பக்கம் முதுகலையோட நெட், செட், இல்லைன்னா பிஹெச்.டி. உதவிப் பேராசிரியருக்கு பிஹெச்.டி. கட்டாயம்னு மிரட்டிட்டு இருந்ததை 2023-ல் யு.ஜி.சி. தளர்த்தி, நெட் அல்லது செட் போதும்னு சொல்லிடுச்சு. அக்கா அதைப் படிச்ச அன்னிக்கு வீட்ல கேசரி!

'அமெரிக்க யுனிவர்சிட்டிக்கு ஓசூரிலிருந்தே பாடம் எடுத்தா டாலரா கொட்டுமே'ன்னு நானும் கனவு கண்டேன். அங்கே இந்த வேலைக்கு 'அட்ஜங்க்ட்'னு பேர். விளம்பரங்களைத் திறந்து பார்த்தா, 'அமெரிக்காவில் வேலை பார்க்க அனுமதி இருக்கணும், இன்னின்ன மாநிலங்களில் குடியிருக்கணும்'னு கீழே பொடி எழுத்தில் நிறைய இடங்களில் போட்டிருக்கான். கனவை மூட்டை கட்டியாச்சு.

பதினோரு இடத்துக்கு பயோடேட்டா அனுப்பினதில் ரெண்டு இடத்திலிருந்து பதில். ஒரு தனியார் யுனிவர்சிட்டி, 'பதினஞ்சு நிமிஷம் டெமோ கிளாஸ் எடுங்க'ன்னு நாள் குறிச்சது. அந்த ஒரு வாரம் அக்கா வீடு ஷூட்டிங் ஸ்பாட்தான்! ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தா முகம் கறுப்பாத் தெரியுது; ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தா பக்கத்து வீட்டு மாவு மெஷின் சத்தம். கடைசியில் பீரோ பக்கத்தில், அரிசி டின் மேல லேப்டாப்பை வெச்சு செட் பண்ணினோம். கணக்குப் போட்டுக் காட்ட 'பென் டேப்லெட்' வேணும். என் ஃப்ரெண்ட்கிட்ட கடன் வாங்கிட்டு வந்தேன்.

பாடம் தேய்மானம். முதல் ரிகர்சலில் அக்கா காலேஜ் ஞாபகத்தில் விளக்கத்தையே ஏழு நிமிஷம் வாசிச்சாங்க. நான் கேமராவை ஆஃப் பண்ணிட்டு தூங்கிட்டேன். நிஜமாகவே! "இப்படித்தான்க்கா நாங்க எல்லாரும் ஆன்லைன் கிளாஸ்ல தூங்குவோம்"னு சொன்னதும் முறைச்சாங்க. ஆனா, மறுநாள் பாடம் தலைகீழ். எடுத்த எடுப்பில் என்கிட்ட கேள்வி. "உன் பைக் லட்ச ரூபா. வருஷத்துக்குப் பத்து பர்சென்ட் மதிப்பு குறையுதுன்னு வெச்சுக்க. ரெண்டாவது வருஷம் எவ்வளவு குறையும்? சாட்ல போடு!" நான் 10,000-னு போட்டேன். "லட்சத்துக்கே திரும்பக் கணக்குப் போட்டா நீ சொன்னது சரி. மிச்சம் இருக்கிற தொண்ணூறாயிரத்துக்குப் போட்டா 9,000. இந்த ஆயிரம் ரூபா வித்தியாசம்தான் இன்னிக்குப் பாடம்!" எனக்கு காமர்ஸ் சுட்டுப் போட்டாலும் வராது. அது மட்டும் இன்னும் மறக்கலை.

டெமோ ஓ.கே. வேலையும் கிடைச்சது. வாரத்துக்கு நாலு லைவ் கிளாஸ், ஒரு மணி நேரத்துக்கு 600 ரூபாய். வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம். நானும், 'கட்டுரைக்கு சுபம் போட்டாச்சு'ன்னு நினைச்சேன்.

முதல் வாரம் முடிஞ்சதும் அக்கா ஒரு நோட்டை நீட்டினாங்க. காமர்ஸ் டீச்சராச்சே... கணக்கு எழுதியிருந்தாங்க. லைவ் கிளாஸ் 4 மணி நேரம். பாடம் தயார் பண்ண 7. டவுட்டுக்குப் பதில் எழுத 5. அசைன்மென்ட் திருத்த 4. ஆக மொத்தம் 20 மணி நேரம். கைக்கு வந்தது 2,400 ரூபாய். "மணிக்கு நூத்தியிருபது ரூபாடா!" என்றார்கள், சத்தமே இல்லாமல். வருகைதரு ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாசத்துக்கு அதிகபட்சம் 50,000 என்று யு.ஜி.சி. 2019-லேயே வழிகாட்டுதல் போட்டிருக்கு. அது காகிதத்தில்.

பணத்தைவிட இன்னொண்ணு அக்காவை உறுத்துது. நாளைக்கு ரெகுலர் வேலைக்குப் போகும்போது இந்த அனுபவம் கணக்கில் வருமா? யு.ஜி.சி-யின் 2018 விதிமுறைப்படி தற்காலிகப் பணி அனுபவமாகச் சேரணும்னா, முறையான தேர்வுக் குழு மூலம் எடுத்திருக்கணும்; சம்பளமும் நிரந்தர உதவிப் பேராசிரியர் வாங்குறதுக்குக் குறையாம இருக்கணும். ஏழாவது சம்பளக் கமிஷன்படி அந்தப் பதவியோட ஆரம்ப அடிப்படைச் சம்பளமே 57,700 ரூபாய். மணிக்கணக்கில் 600 வாங்குறவங்க எந்தக் காலத்தில் அதைத் தொடறது? ரெண்டு வருஷம் ராத்திரி ராத்திரியா பாடம் எடுத்தாலும், பயோடேட்டாவில் ஒரு வரி கூடும், அனுபவக் கணக்கில் கூடாது. இதை எந்த விளம்பரமும் சொல்றதில்லை.

இன்னொரு உள்குத்தும் இருக்கு. வேலை யுனிவர்சிட்டிக்கு, ஆனா, ஆர்டர் கொடுக்கிறது நடுவில் இருக்கிற ஒரு கம்பெனியா இருக்கலாம். ஆர்டரில் யாரோட லெட்டர்ஹெட் இருக்குன்னு முதல்ல பாருங்க. கம்பெனிகளோட கைகோத்துக்கிட்டு ஃப்ரான்சைஸ் மாதிரி டிகிரி படிப்பு நடத்தக் கூடாதுன்னு 2022 ஜனவரியில் யு.ஜி.சி. எச்சரிக்கையே விட்டிருக்கு. அக்காவுக்கு வந்தது யுனிவர்சிட்டி ஆர்டர்தான். அந்த மட்டில் நிம்மதி.

விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். விடலை. நோட்டில் இருந்த கணக்கை அப்படியே டைப் பண்ணி கோ-ஆர்டினேட்டருக்கு மெயில் அனுப்பினாங்க. 'திருத்துறதுக்கும் டவுட்டுக்கும் தனியா பணம் வேணும், இல்லைன்னா டவுட்டுக்கு வாரத்தில் ரெண்டு மணி நேரம்தான்.' ஒன்பது நாள் பதிலே இல்லை. பத்தாவது நாள் வந்தது. அசைன்மென்ட் ஒண்ணுக்கு 15 ரூபாய் தர்றாங்களாம். டவுட் நேரம் சனிக்கிழமை சாயங்காலம் மட்டும். "கேட்டாத்தான்டா கொடுக்கறாங்க. கேக்காதவங்க எத்தனை பேரோ!"

அந்த சனிக்கிழமை நான் பக்கத்தில் இருந்தேன். குழந்தை மடியில் தூங்குது. ஸ்கிரீனில் வரிசையா கறுப்புக் கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் மட்டும் கேமரா ஆன். நாற்பது வயசு இருக்கும், மளிகைக் கடை கல்லாவில் உட்கார்ந்தபடி ஒருத்தர். "மேடம்... கடை ஃப்ரிட்ஜுக்கும் இந்தத் தேய்மானம் போடலாமா?" அக்கா சிரிச்சுட்டு, "வாங்கின பில் இருக்குங்களா?" என்றார்கள். அரை மணி நேரம் ஓடினதே தெரியலை.

இதை எல்லாம் பார்த்துட்டு, "அக்கா, எனக்கும் எக்கனாமிக்ஸ் பேப்பர் ஒண்ணு அரியர் இருக்கு, சொல்லிக் கொடேன்"னு கேட்டேன்.

"மணிக்கு அறுநூறு. சொந்தக்காரனுக்கும் அதே ரேட்தான்!"